பஞ்சர்காரர் போட்ட முதல் ஓட்டை

இருபத்தாறு வருடத் தொழிலில் பஞ்சர்காரர் எந்தப் பொருளிலும் ஓட்டை போட்டதில்லை. கேட்டவர்களிடமும் இதைச் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். அதற்குக் காரணம் இருந்தது. சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருப்பவன், காலையில் நூறு அடி முன்னால் போய் ஆணியைத் தூவிவிட்டு வந்துதான் கடையைத் திறக்கிறான் என்பது இரண்டு சக்கரத்தில் போகிறவர்களின் தீர்மானமான கருத்து. டயரைக் கழற்றும்போதே, "ஆணி நம்ம சொந்தத் தயாரிப்புதானே?" என்று சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். பிடுங்கிய ஆணியைத் துடைத்து அவர்கள் கையிலேயே கொடுத்து, "கொண்டு போங்க" என்பார்.

கொள்கை கடையோடு நிற்கவில்லை. காய்ச்சலில் இளைத்த வருடம் பெல்ட்டில் கூடுதலாக ஒரு ஓட்டை போட மறுத்து, நான்கு மாதம் கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். வீட்டுச் சுவரில் ஒரு ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்குகிறது. காற்றில் பறக்கும் தாளில் தேதி பார்க்க வேண்டுமென்றால் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

அவருடைய மனைவி பேருந்து ஓட்டுநர். பதினோரு வருடமாக டவுன் பஸ். ஒரு நடைக்கு அறுபத்திரண்டு நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கிளட்சை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, இடது முழங்கால் சாயங்காலத்தில் சுரைக்காய் அளவுக்கு வீங்கிவிடும். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் இப்படியே மிதித்தால் அப்புறம் எதையும் மிதிக்க முடியாது என்றார். அதற்கு ஒரே வழி நெடுந்தூர வண்டி. நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் கிளட்சுக்கு வேலை குறைவு, கால் ஓய்வாகக் கிடக்கும். போக ஒரு நாள், அங்கே தங்க ஒரு நாள், வர ஒரு நாள்.

அதற்குச் சோதனை ஓட்டம் உண்டு. டிப்போ மேற்பார்வையாளர் முன் இருக்கையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வருவார். இரண்டு வாய்ப்புதான். முதல் வாய்ப்பு போன மாதமே முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் தங்கிய ஊரில் மனைவி ஒரு கடையில் சாப்பிட்டார். மூன்றாம் நாள், நாற்பத்து மூன்று பயணிகளோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு சோளக்காட்டுக்குள் ஓடினார். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'ஓட்டுநர் இல்லாத நேரம்' என்ற கட்டத்தில் 'இருபத்திரண்டு நிமிடம்' என்று எழுதினார். 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'பயணிகள் கவலைப்பட்டனர்' என்று எழுதினார்.

அந்த அம்மாளுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கட்டிக்கொண்டு போகிற சோறு, இன்ஜின் சூட்டில் மதியத்துக்குள் ஊசிப்போகும். ரொட்டி மறுநாளே பூசணம் பிடிக்கும். அவர் வயிற்றோடு சண்டை போடாத ஒரே பயணச் சாப்பாடு, காரமும் ஓமமும் போட்டு மொறுமொறுவென்று பொரித்த பூரி. தண்ணீர்ச் சத்து இல்லாமல் பொரித்தால் மூன்று நாள் இல்லை, ஒரு வாரம் நிற்கும். வழக்கமாக அவரே செய்துகொள்வார். இப்போது பார்த்து டிப்போவில் இரண்டு பேருக்கு அம்மை. புதன் இரவு வரை அவருக்கு இரட்டை ஷிஃப்ட். வியாழன் விடியலில் இரண்டாவது சோதனை ஓட்டம்.

ஞாயிறு சாயங்காலம் இடது காலை வெந்நீர் வாளிக்குள் விட்டபடி சொன்னார்: "நீங்கதான் செய்யணும்."

"சோறு நல்லா வடிப்பேனே."

"சோறு வேணாம். எழுதிக்குங்க. நாலு பங்கு கோதுமை மாவு, ஒரு பங்கு ரவை. ஓமத்தை உள்ளங்கையில வெச்சுக் கசக்கிப் போடுங்க. மிளகும் சீரகமும் ஒண்ணு ரெண்டா இடிச்சது. மிளகாய்த்தூள், பெருங்காயம், உப்பு. ரெண்டு கரண்டி எண்ணெயைச் சூடு பண்ணி மாவு மேல ஊத்திப் பிசறணும். கையில பிடிச்சா பிடியா நிக்கணும். அப்புறம்தான் தண்ணி. கெட்டியாப் பிசையணும்."

பஞ்சர்காரர் காலண்டர் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டார். "எவ்வளவு கெட்டி?"

"டயரைவிடக் கொஞ்சம் இளக்கமா."

"டியூப் மாதிரியா?"

"டியூபைவிடக் கெட்டியா."

"சரி" என்றார். அதற்குமேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"தேய்ச்சதும் முள்கரண்டியால அங்கங்க குத்திடுங்க, உப்பிடாம இருக்க. மிதமான சூட்டுல நிதானமாப் பொரிக்கணும். ஆறினப்புறம்தான் டப்பா."

பேனா ஒரு விநாடி தாளுக்கு மேலே நின்றது. பிறகு 'மிதமான சூடு' என்று எழுதியது. அதற்கு முந்தைய வாக்கியத்தை அவர் எழுதவில்லை.

திங்கள் மதியம் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து ஒத்திகை பார்த்தார். மாவு சொன்னபடியே வந்தது. கையில் பிடித்தால் பிடியாக நின்றது. தேய்ப்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரப்பரை வட்டமாக வெட்டிப் பழகிய கை. எண்ணெயின் மிதமான சூட்டில் பூரி சோம்பலாகக் கிடப்பதாக அவருக்குப் பட்டது. தீயைக் கூட்டினார். பூரி எழுந்து உப்பிப் பந்தாகி மிதந்தது. காற்று முழுதாக உள்ளேயே நின்றது. அடுக்களையில் தனியாக நின்றிருந்தவர் அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவை சிரித்தார்.

ஆறாவது பூரி உப்பவில்லை. அதன் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து குமிழ்கள் வரிசையாகக் கிளம்பி மேலே வந்தன. தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கி, இப்படி வரிசையாக வரும் குமிழைத்தான் அவர் இருபத்தாறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். சந்தேகமே இல்லை, லீக்.

பொரித்ததை ஒன்றும் செய்ய முடியாது. தேய்த்து வைத்திருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெலிந்த இடம், ரவை கீறிய இடம், மிளகுத் துண்டு குத்திய இடம் எல்லாம் தெரிந்தது. சுட்டுவிரல் நகம் அளவுக்கு மாவை வட்டமாக வெட்டினார். ஒட்ட வேண்டிய இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்தார். விரல் நுனியால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, அரை நிமிடம் காத்திருந்து, ஒட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் நீவினார். மொத்தம் பதினேழு பூரிக்கு ஒட்டுப் போட்டார். பதினேழும் உப்பின.

சாயங்காலம் மனைவி வந்து டப்பாவைத் திறந்தார். ஒரு பூரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, மேல வட்டமா?"

"ஒட்டு."

"பூரிக்கா?"

"லீக் இருந்துச்சு."

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.

செவ்வாய் காலையில் டப்பாவுக்குள் இருபத்து நான்கு பூரிகளும் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து, குப்பையில் போட்ட டியூப் மாதிரி கிடந்தன. பஞ்சர்காரர் ஒன்றை எடுத்து மடித்தார். மடிந்தது. இன்னொரு தரம் மடித்தார். அப்போதும் மடிந்தது.

"உள்ள காத்தோட ஈரமும் சேர்ந்து அடைஞ்சு கிடக்குதுல்ல" என்றார் மனைவி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "அது வெளிய போறதுக்குத்தான் ஓட்டை. குத்துங்கன்னு சொன்னேனே."

"கேட்டேன்."

"அப்புறம்?"

"குத்தல."

"ஏன்னு நான் கேக்கணுமா?"

"தெரியுமில்ல."

"இங்க பாருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. டவுன் பஸ் ஓட்டுகிறவர்கள் வீட்டில் குரலை உயர்த்துவதில்லை. உயர்த்துவதற்கு மிச்சம் இருக்காது. "அன்னைக்கு நான் காட்டுக்குள்ள இருந்தப்ப வண்டியிலிருந்து ஆரன் அடிச்சாங்க. என் வண்டி ஆரன். நான் பதினோரு வருஷமா யார் யாருக்கோ அடிச்ச ஆரனை எனக்கு அடிச்சாங்க. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா, நான் திரும்ப அறுபத்திரண்டு நிறுத்தத்துக்குத்தான் போகணும். இந்தக் கால் போற வரைக்கும். நீங்க குத்தலைன்னா சொல்லிடுங்க. பட்டினியா ஓட்டிட்டு வரேன்."

கதவு சாத்தும் சத்தம்கூடச் சாதாரணமாகத்தான் இருந்தது. பஞ்சர்காரருக்கு அதுதான் பிடிக்கவில்லை.

கடைக்குப் பக்கத்துக் கடை சலூன். சலூன்காரர் வாடிக்கையாளர் இல்லாத நேரம் முழுவதும் பஞ்சர் கடை வாசலில் ஒரு லாரி டயர்மேல் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் இருக்கும் நேரத்திலும் சில சமயம் அங்கேதான் இருப்பார். மிச்சப் பூரியில் எட்டைத் தின்றுகொண்டே முழுக் கதையையும் கேட்டார்.

"மெத்துன்னு நல்லாத்தான்யா இருக்கு. பல்லில்லாதவங்களுக்கு விக்கலாம்."

"பேசாம தின்னு."

"ஒட்டு மட்டும் கொஞ்சம் கடுக்குன்னு இருக்கு. அதையே தனியா பொரிச்சுக் குடுத்திருக்கலாம்."

அந்த நேரம் ஒரு பெண்மணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டியூப் இல்லாத டயர். பஞ்சர்காரர் ஆணியைப் பிடுங்கினார். அவர் கையில் கொடுத்தார். முறுக்குக் கம்பியை எடுத்து, ஆணி இருந்த துளைக்குள் செருகி, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் குடைந்தார். பிறகு பசை தடவிய ரப்பர்த் திரியை உள்ளே திணித்து, வெளியே நின்ற நுனியை வெட்டிவிட்டு, காற்றடித்து அனுப்பினார்.

சலூன்காரர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"யோவ். இப்ப என்ன பண்ணின?"

"பஞ்சர் போட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"குடைஞ்சேன். குடைஞ்சாத்தான் திரி உள்ள போகும்."

"குடைஞ்சா ஓட்டை என்ன ஆகும்?"

"கொஞ்சம் பெருசாகும்."

"ஆக, ஆணி போட்டது சின்ன ஓட்டை. நீ போட்டது பெரிய ஓட்டை."

"அது ஏற்கெனவே இருந்த ஓட்டை."

"பூரியில மிளகு குத்தினது?"

"அதுவும் ஏற்கெனவே இருந்தது. அதான் ஒட்டினேன்."

"ஏன் ஒட்டின? குடைஞ்சிருக்கணும்" என்றார் சலூன்காரர். "வண்டி ஓடணும்னா குடையற. உன் வீட்டம்மா வண்டி ஓடணும்னா மட்டும் உனக்குக் கொள்கை வந்துடுது. ரோட்டுல போற பொம்பளைக்கு ஒரு நியாயம், வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு நியாயமா?"

பஞ்சர்காரர் கம்பியைத் துடைத்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தார். பிறகு கேட்டார்: "முள்கரண்டி எங்க கிடைக்கும்?"

"என்கிட்ட சீப்பு இருக்கு, வேணுமா?"

"உன் சீப்பு வேணாம்."

புதன்கிழமை மதியம் புது முள்கரண்டியோடு வீட்டுக்கு வந்தார். அடுக்களை ஜன்னலைச் சாத்தினார். மூன்றாவது மாடி, எதிரில் தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருந்தது. இருந்தாலும் சாத்தினார்.

அறுபது உருண்டை பிடித்தார். முதல் பூரியைத் தேய்த்து வைத்துக்கொண்டு, முள்கரண்டியை அதற்கு மேலே பிடித்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு குத்தினார். நான்கு ஓட்டை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினார். திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் குத்தினார். எப்படியும் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. நடுவில் ஒரு குத்து, சுற்றி ஆறு குத்து, இடைவெளி ஒரு விரல் என்று முடிவு செய்தார். பத்தாவது பூரிக்குள் கை அதற்குப் பழகிவிட்டது. இருபதாவது பூரியில், யாரும் கேட்கவில்லை என்றாலும், "இது காத்துக்கு வழி" என்று உரக்கச் சொன்னார்.

தீயைக் குறைத்தார். குத்திய பூரி எண்ணெயில் விழுந்து, உப்பாமல், ஒவ்வொரு துளையிலிருந்தும் பொடிக் குமிழ்களை விட்டபடி தட்டையாகக் கிடந்தது. எப்போது எடுப்பது என்று மனைவி சொல்லவில்லை. 'நிதானமா' என்றுதான் சொல்லியிருந்தார். நிதானம் என்பது எத்தனை நிமிடம் என்று தெரியாமல் குனிந்து காதைக் கொடுத்தார். எண்ணெய் இரைந்தது. டயரிலிருந்து காற்று இறங்கும் அதே இரைச்சல். அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, விட்டுவிட்டுக் கேட்டு, நின்றது. அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம், இரைச்சல் நின்றால் உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்பது. எடுத்தார். செம்பொன் நிறம். ஆறியதும் உடைத்தார். சட்டென்று உடைந்து ஒரு துண்டு அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது.

மீதி எல்லாவற்றையும் கண்ணால் பார்க்காமல் காதால் பொரித்தார். ஒரு தடவை கீழே தெருவில் ஒருவன் ஆரனை விடாமல் அடித்தபோது மட்டும் இரண்டு பூரி கருகியது.

டப்பாவில் அடுக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. சோதித்துப் பார்க்க நாள் இல்லை. அவர் கடையிலிருந்து ஒரு சைக்கிள் டியூப்கூடத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்காமல் வெளியே போனதில்லை. இது மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று மூன்றாம் நாள்தான் தெரியும். அப்போது அது நெடுஞ்சாலையில் இருக்கும்.

வியாழன் விடியலில் மனைவி டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தார். துளைகளைப் பார்த்தார். நடுவில் ஒரு குத்து, சுற்றி ஆறு. எல்லாப் பூரியிலும் அப்படியே. ஒரு ஓரத்தைக் கடித்தார்.

"எப்படி?"

"இன்னைக்கு நல்லா இருக்கு" என்று சொல்லி, டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சோதனை ஓட்டத்தில் கைப்பேசியை அணைத்து மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் அந்த மூன்று நாளும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பஞ்சர்காரர் மூன்று பூரியை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கடைக்குக் கொண்டு வந்திருந்தார். மூடியில் சாக்கட்டியால் தேதி எழுதி, வெயில் படும் இடத்தில், ஏறக்குறைய இன்ஜின் சூடு இருக்கும் என்று அவர் கணக்குப்போட்ட தகரத்தின்மேல் வைத்தார். நாளுக்கு ஒன்று. வியாழன் மதியம் ஒன்றை உடைத்தார். சத்தம் வந்தது. வெள்ளி மதியம் ஒன்றை உடைத்தார். காற்றடிக்க வந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் வந்தது.

சனி மதியம் டப்பாவைத் திறந்தால் அது காலியாக இருந்தது.

சலூன்காரர் லாரி டயர்மேல் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இதுல ஒண்ணு இருந்துச்சே?"

"இருந்துச்சு."

"அது சோதனைக்கு வெச்சதுய்யா! மூணாம் நாள் எப்படி இருக்குன்னு எனக்கு இப்ப எப்படித் தெரியும்?"

"என்னைக் கேளு" என்றார் சலூன்காரர். "மொறுமொறுன்னு இருந்துச்சு. உப்பு ஒரு சிட்டிகை கம்மி."

பஞ்சர்காரர் அவரைத் திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

மனைவி நாலரை மணிக்கு வந்தார். காலணியைக் கழற்றினார். சோதனைத் தாளை மேசைமேல் வைத்தார். "கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன்" என்று நாற்காலியில் சாய்ந்தவர், அந்த வாக்கியம் முடிவதற்குள் தூங்கிவிட்டார். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஜெயித்த முகமும் அலுத்த முகமும் மூன்று நாள் வண்டி ஓட்டியபின் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பஞ்சர்காரர் ஓசைப்படாமல் தாளை எடுத்தார். ஆறு கட்டங்கள். மேற்பார்வையாளரின் எழுத்து, எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்ததுபோல இருந்தது. 'வேகம்' புரிந்தது: சரி. 'பிரேக்' புரிந்தது: சரி. 'நேரம் தவறாமை': நாலு நிமிடம் முன்பு. 'ஓட்டுநர் இல்லாத நேரம்' என்ற கட்டத்தில் எண் இல்லை, சொல் இல்லை. ஒரே ஒரு கோடு.

கோடு என்றால் என்ன? இல்லை என்றும் இருக்கலாம். எழுதவே வெட்கப்படும் அளவுக்கு நீளம் என்றும் இருக்கலாம். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு கோடாகவே இருந்தது. மனைவியை எழுப்ப மனம் வரவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தார். பொடிகூட இல்லை. எல்லாவற்றையும் தின்றிருக்கலாம். எல்லாவற்றையும் வழியில் கொட்டியும் இருக்கலாம். முக்கால் மணி நேரம் எதிர் நாற்காலியில், கையில் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

மனைவி கண்ணைத் திறந்தபோது அவர் முதலில் கேட்டது: "இந்தக் கோடு என்ன?"

"எந்தக் கோடு?"

"இது."

"கோடுன்னா இல்லைன்னு அர்த்தம்" என்றார் மனைவி கொட்டாவி விட்டபடி. "நடுவழியில சீட்டை விட்டு இறங்கவே இல்ல. பூரி மூணாம் நாளும் முதல் நாள் மாதிரியே இருந்துச்சு."

பஞ்சர்காரர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு தாளை மனைவி பக்கம் திருப்பிக் காட்டினார். "கீழ குறிப்புன்னு ஏதோ நாலு வரி எழுதியிருக்காரே?"

"படிங்களேன்."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "'வண்டி நின்ற இடங்களில்... ஓட்டுநர் சாப்பிட்ட சத்தத்தால்... முன் வரிசைப் பயணிகள் தூக்கம் கலைந்து... ஊர் வந்துவிட்டதாக நினைத்து இறங்க முயன்றனர்.'"

"ரெண்டு பேர் பெட்டியோட இறங்கிட்டாங்க" என்றார் மனைவி. "திரும்பக் கூப்பிட்டு ஏத்தினேன்."

"இதுக்காக வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

"சொல்லியாச்சு. அடுத்த வியாழன்லேருந்து அந்த வண்டி எனக்குத்தான்."

பஞ்சர்காரர் தாளை மடித்து, காலண்டருக்குப் பின்னால் பத்திரமாகச் செருகினார். "அப்ப அடுத்த தடவை கொஞ்சம் மெத்துன்னு செய்யட்டுமா? சத்தம் வராம?"

"ஒண்ணும் வேணாம்" என்றார் மனைவி, இடது காலை நீட்டி முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தபடி. அது மடங்கியது. "அவங்க தூங்கட்டும், தூங்காம இருக்கட்டும். நீங்க எண்பதாப் போடுங்க. அங்க தங்கற அறையில இன்னும் ரெண்டு டிரைவருங்க இருக்காங்க, டப்பாவையே பார்த்துட்டு இருந்தாங்க. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூட."